நாலே நாலு எழுத்து: செல்லுக்குள் ஒரு கள்ள கேட் பாஸ்!

[திரையில்: திருப்பூர், காலை எட்டரை மணி. பனியன் கம்பெனி வாசல். வெளியே போகும் ஒரு வேனை வாட்ச்மேன் நிறுத்துகிறார்.]

வணக்கமுங்க. இந்த வாட்ச்மேன் அண்ணனை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கேட் பாஸ் இல்லாமல் ஒரு பீஸ்கூட இவரைத் தாண்டாது. ஆனால் மனித உடம்பில் ஒரு மரபணு இருக்கிறது. அதில் நாலு எழுத்து தவறுதலாக இரண்டு முறை எழுதப்பட்டால் போதும், அது தனக்குத்தானே கேட் பாஸ் அடித்துக்கொள்ளும். அங்கே தொடங்குவது ரத்தப் புற்றுநோய்.

பாடப்புத்தகச் சமாச்சாரத்தை வேகமாக முடித்துவிடுகிறேன், தள்ளிவிட்டுப் போகாதீர்கள். செல்லுக்குள் உட்கரு. உட்கருவுக்குள் கருப்பாக ஒரு பொட்டு, அதுதான் நியூக்ளியோலஸ். 1781-லேயே ஃபொன்டானா என்ற இத்தாலியர் விலாங்கு மீனின் வழவழப்பில் இதைப் பார்த்து எழுதிவைத்தார். வேலை? செல்லுக்குப் புரதம் செய்து கொடுக்கும் இயந்திரமான ரைபோசோமைத் தயாரிப்பது. சரி, முடிந்தது.

[திரையில்: கறிக்குழம்பில் மிதக்கும் எண்ணெய்த் துளிகள். கரண்டி பட்டதும் இரண்டு துளி ஒன்றாகிறது.]

ஒரு விஷயம் மட்டும். இந்த நியூக்ளியோலஸுக்குச் சுவர் கிடையாது. குழம்பில் மிதக்கும் எண்ணெய் மாதிரி, தானாகத் திரண்டு நிற்கும் துளி. இரண்டு துளி தொட்டுக்கொண்டால் ஒன்றாகிவிடும். தவளை முட்டைக்குள் இதை அளந்து 2011-ல் காட்டினார்கள்.

திருப்பூரில் ஒரு பனியனை ஒரே ஆள் தைப்பதில்லை. கட்டிங் மாஸ்டர், பவர் டேபிள், கைமடி, செக்கிங், அயர்னிங் என்று கை மாறிக்கொண்டே போகும். ரைபோசோமும் அப்படித்தான்: நாலு ஆர்.என்.ஏ., ஏறக்குறைய 80 புரதங்கள். இரண்டு பாதிகளாக உள்ளே தயாராகி, உட்கருவுக்கு வெளியே போய்த்தான் ஒன்று சேரும். சோதனைச்சாலையில் வேகமாக வளரும் ஒரு மனித செல், நிமிடத்துக்குச் சுமார் 7,500 பாதிகளை வெளியே அனுப்புகிறது. தீபாவளி ஆர்டர் சமயத்தில்கூட எங்கள் மாமா கம்பெனியில் இந்த வேகம் வராது. மாமா பார்த்தால் மன்னிக்கவும்.

இந்தக் கூட்டத்தில் சூப்பர்வைசர் மாதிரி ஒருவர், நியூக்ளியோபாஸ்மின் என்ற புரதம். இவரை உருவாக்கும் மரபணுதான் நான் முதலில் சொன்னது. பெயர் என்.பி.எம்.1, இருப்பது ஐந்தாவது குரோமோசோமில். 294 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. ஐந்து ஐந்து பேராகக் கைகோர்த்து வளையமாக நிற்பார்கள். அந்தக் ‘கைகோர்த்து’ என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். சூப்பர்வைசர் அவ்வப்போது வெளியே போய்வருவார், ஆனால் இருப்பிடம் உள்ளேதான். சங்கிலியின் வால்பகுதியில் இருக்கும் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலங்கள் இரண்டு அவரை நங்கூரம் போல அங்கே பிடித்துவைக்கின்றன.

இப்போது என் மனசுக்குப் பிடித்த இடம். இதற்காகத்தான் இந்த வீடியோவே.

டி.என்.ஏ.வை செல் மூன்று மூன்று எழுத்தாகத்தான் படிக்கும். தமிழில் செய்து பார்ப்போமா? நம்ம ஊர் மாட்டுச் சந்தையை வைத்து ஒரு வாக்கியம்:

[திரையில்: தம்பி | சந்தை | சென்று | கன்று | ஒன்று | வாங்கு]

எண்ணிப் பாருங்கள், எல்லாமே மூன்றெழுத்து. இதை யோசிக்க எனக்கு ஒரு மாலை முழுக்கப் போனது, அதனால் ஒரு லைக் போட்டுவிடுங்கள். இப்போது ‘கன்றுஒ’ என்ற நாலு எழுத்தை மட்டும் இன்னொரு முறை எழுதுகிறேன்.

[திரையில்: தம்பி | சந்தை | சென்று | கன்று | ஒகன் | றுஒன் | றுவாங் | கு]

முன்பாதி அப்படியே இருக்கிறது. பின்பாதி உளறல். தம்பி சந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான், எதற்கு வந்தோம் என்றுதான் தெரியவில்லை.

என்.பி.எம்.1-இல் அதிகம் காணப்படும் பிழை இதே வகை. கடைசியில் டி-சி-டி-ஜி என்ற நாலு எழுத்து இரட்டித்துவிடுகிறது. அங்கே இருந்த முற்றுப்புள்ளியும் பிரிந்துபோவதால் செல் இன்னும் கொஞ்சம் தாண்டிப் படிக்கிறது. பழைய வாலில் 7 அமினோ அமிலங்கள் போய், புதிதாக 11 ஒட்டிக்கொள்கின்றன. இரண்டு டிரிப்டோஃபானும் காலி, நங்கூரம் அறுந்தது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்த உளறல் எழுத்துகள் தற்செயலாக அர்த்தமுள்ள ஒரு சொல்லாக அமைந்துவிட்டன. ‘இதை வெளியே அனுப்பு’ என்ற சொல்! உட்கருவின் வாசலில் சரக்கை வெளியே ஏற்றிவிடும் புரதம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் என்ன தெரியுமா? எக்ஸ்போர்ட்டின். சத்தியமாக அதுதான் பெயர். திருப்பூர்க்காரர்கள் யாராவது வைத்திருப்பார்களோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

எக்ஸ்போர்ட்டின் அந்தச் சீட்டைப் பார்த்து, சூப்பர்வைசரை வண்டியில் ஏற்றிவிடுகிறது. மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றுதானே கெட்டது, இன்னொன்று சரியாகத்தானே வேலை செய்யும் என்று கேட்பீர்கள். அந்தக் கைகோர்ப்பு ஞாபகம் இருக்கிறதா? கெட்டவர் போகும்போது நல்லவரையும் இழுத்துக்கொண்டு போகிறார்.

இதைக் கண்டுபிடித்தது இத்தாலியில் பெரூஜியாவைச் சேர்ந்த ஃபலினி குழு, 2005-ல். 591 நோயாளிகளின் லுகேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய், செல்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். நியூக்ளியோலஸில் தெரிய வேண்டிய நிறம் 208 பேருக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் பரவிக் கிடந்தது. அப்புறம்தான் மரபணுவைப் படித்தார்கள், நாலு எழுத்து மாட்டியது. பெரியவர்களுக்கு வரும் அக்யூட் மைலாய்டு லுகேமியாவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தப் பிழையோடுதான் இருக்கிறது. பயந்துவிடாதீர்கள், இது பரம்பரையாக வருவதில்லை. வாழ்நாளில் ஏதோ ஒரு ரத்தச் செல்லில் நேரும் எழுத்துப் பிழை. சிகிச்சைக்குப் பிறகு நோய் மிச்சமிருக்கிறதா என்று தேடவும் டாக்டர்கள் இந்தப் பிழையையே அடையாளமாக வைத்துக்கொள்கிறார்கள்.

2018-ல் ஆய்வகத்தில் ஒரு வேலை செய்தார்கள். வெளியே போன புரதத்தை வலுக்கட்டாயமாக உட்கருவுக்குள் திருப்பி வைத்தார்கள். வளராமல் நின்றிருந்த லுகேமியா செல்கள் முதிரத் தொடங்கின. வாலில் எழுத்துப் பிழை அப்படியே இருக்க, ஆளை மட்டும் மறுபடி உள்ளே உட்காரவைத்தார்கள், அவ்வளவுதான்.

கமெண்டில் மூன்று மூன்று எழுத்திலேயே ஒரு வாக்கியம் எழுதுங்கள், பார்ப்போம். எங்கள் கேமராமேன் எழுதியது: ‘அம்மா தந்த ரொட்டி பத்து.’ மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கேட்டது என் தப்பு.