ராத்திரிக் கடலுக்கு என்ன நிறம்? பிக்காசோவோட மீன்பிடி ஓவியத்தைக் காசிமேட்டுல இருந்து பாக்கலாம்

[காட்சி: காசிமேடு மீன்பிடித் துறைமுகம், விடியறதுக்கு முன்னால. படகு விளக்கு தண்ணியில நெளியுது.]

குரல்: ராத்திரிக் கடலை வரையச் சொன்னா, நிறைய பேர் தாள் முழுக்கக் கறுப்பை அப்பிடறாங்க. இந்தத் தண்ணியைக் கொஞ்ச நேரம் உத்துப் பாருங்க. வெளிச்சம் விழற இடத்துல பச்சை. அதைத் தாண்டினா நீலம். படகோட நிழல்ல ஊதா. சுத்தமான கறுப்பு ரொம்பக் கொஞ்சம்தான்.

[காட்சி: ஓவியம் முழுசா.]

பாப்லோ பிக்காசோவோட ‘ஆன்டிப்ஸில் இரவு மீன்பிடி’. பிரான்ஸோட தென்கரையில இருக்கற ஆன்டிப்ஸ் ஊர்ல, 1939 ஆகஸ்ட்ல வரைஞ்சது. கேன்வாஸ்ல எண்ணெய் வண்ணம். உயரம் சுமார் 206 செ.மீ., அகலம் 345 செ.மீ. இப்போ நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்துல இருக்கு.

முதல் தடவை பாக்கறவங்க, கை எது கால் எதுன்னு தேடிக் குழம்பிப் பாதியிலேயே விட்டுடறாங்க. மனுஷங்களை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல விளக்கைத் தேடுங்க. மேல, நடுப்பக்கம், மஞ்சளா ஒரு வட்டம். அதை நிலான்னு சொல்றவங்களும் இருக்காங்க. எங்களுக்கு அது படகு விளக்காத்தான் படுது, ஏன்னா கீழே நடக்கற வேலையே அந்த வெளிச்சத்தை நம்பித்தான் நடக்குது. அந்தக் காலத்துல அங்கே அசிட்டிலீன் விளக்கு. கார்பைடு கல்லு மேல தண்ணி சொட்டினா வாயு வரும், பத்த வச்சா கண்ணு கூசற வெளிச்சம். நம்ம ஊர்லயும் தள்ளுவண்டிக் கடையில எரிஞ்ச அதே கார்பைடு விளக்குதான்.

[காட்சி: ஈட்டியும் மீனும், கிட்டத்துல.]

விளக்கைச் சுத்தி மிதவை உயிரிங்க கூடும், அதைத் தின்ன சின்ன மீன் வரும், அதுக்குப் பின்னாடியே பெரிய மீன். ஆனா ஈட்டிக்குக் கீழே இருக்கறது தட்டை மீன். நம்ம நாக்கு மீன் மாதிரி அடித்தரையில மண்ணோட மண்ணா ஒட்டிக் கிடக்கற ஜாதி. இங்கே விளக்கு வேணும்னா அது மனுஷனோட கண்ணுக்காக.

இனிமே ஆளைப் பாருங்க. தண்ணிக்குள்ள இருக்கற மீன், இருக்கற ஆழத்துல தெரியாது. நேர் மேல நின்னு பாத்தா, 4 அடி ஆழத்து மீன் 3 அடியில இருக்கற மாதிரி தெரியும், ஏன்னா தண்ணியை விட்டு வெளியே வரும்போது ஒளி வளையுது. சாய்வாப் பாத்துக் குத்தினா ஈட்டி மீனுக்கு மேலேயே போயிடும். அதனால மீனுக்கு நேர் மேல வந்து, உடம்பை விளிம்புக்கு வெளியே தள்ளி, ஈட்டியைச் செங்குத்தா இறக்கணும். படகும் ஆடிக்கிட்டே இருக்கும். பக்கவாட்டு முகம், நேர் முகம், மேலிருந்து தெரியற தோள்னு எல்லாக் கோணமும் ஒரே உடம்புல வந்து சேர்றதை, கடலுக்குப் போறவங்க கோணல்னு சொல்ல மாட்டாங்க. குனிஞ்சு பிடிக்கறவன் உடம்பு அப்படித்தான் முறுக்கிக்கும்.

இன்னொண்ணும் சொல்லணும். அங்கே இருந்தது ஒரு விளக்கு, ஒரு ஈட்டி. ஜெனரேட்டர் வச்சு எல்இடி விளக்கைக் கொளுத்தி, குஞ்சு மீன் வரைக்கும் வழிச்சு எடுக்கறது அந்த வேலையே இல்ல. 2017ல ஒன்றிய அரசு அதுக்குத் தடை போட்டது சரியான முடிவு.

திரும்ப ஓவியத்துக்கு வருவோம். இடது பக்கம் ஊதாவா எழும்பறது ஆன்டிப்ஸ் ஊரோட கிரிமால்டி கோட்டை, இப்போ அதுவே பிக்காசோ அருங்காட்சியகம். வலது பக்கம் கல்லுத் துறையில நின்னு வேடிக்கை பாக்கற ரெண்டு பொண்ணுங்க, ஒருத்தி கையில ஐஸ்கிரீம், கூடவே சைக்கிள்.

[காட்சி: மேஜை. ஏ3 தாள், ஸ்கேல், அக்ரிலிக் வண்ணம்.]

வரைஞ்சு பாத்தாத்தான் இது முழுசாப் பிடிபடும். ஏ3 தாளைப் படுக்கையா வச்சு, நடுவுல 35க்கு 21 செ.மீ. கட்டம் போடுங்க. அதை 7 செ.மீ. சதுரமாப் பிரிச்சா அகலத்துல 5, உயரத்துல 3, மொத்தம் 15. அகலத்துலயும் உயரத்துலயும் மூல ஓவியத்துல கிட்டத்தட்டப் பத்துல ஒரு பங்கு. போன் திரை முழுக்க நிரப்பின படத்தைப் பாத்து வரையாதீங்க. திரையோட அகலம் அதிகம், மேலயும் கீழயும் வெட்டுப்படும், விளக்கோட தலை போயிடும்.

இருட்டுக்கு: அல்ட்ராமெரின் நீலம் 2 பங்கு, பர்ன்ட் அம்பர்ங்கற அடர் பழுப்பு 1 பங்கு. கறுப்புக்குப் பக்கத்துல வரும், ஆனா உயிரோட இருக்கும். ஊதா வேணும்னா அம்பருக்குப் பதிலா கிரிம்சன்ங்கற அடர் சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாச் சேருங்க. அக்ரிலிக் காய்ஞ்சா ஒரு படி கறுத்துடும், அதனால ஓரத்துல ஒரு கோடு இழுத்துக் காய விட்டுப் பாத்துட்டு அப்புறம் பூசுங்க.

நிறைய பேருக்குக் கெட்டுப்போறது விளக்குதான். இருட்டைப் பூசிட்டு அது மேல மஞ்சள் வைப்பாங்க. ஈர ஊதா மேல மஞ்சள் பட்டா சேத்துப் பழுப்பு. காய்ஞ்ச நீலத்து மேல வச்சா, மஞ்சள் மெல்லிசான நிறம்ங்கறதால அடி நீலம் தெரிஞ்சு பச்சையடிக்கும். அதனால விளக்கு வட்டத்தைக் கடைசி வரைக்கும் வெள்ளைத் தாளாவே விட்டு வைங்க. சுத்தி எல்லாம் காய்ஞ்சதுக்கு அப்புறம், தூரிகையை நல்லாக் கழுவி, தண்ணியை மாத்திட்டு, மஞ்சளைத் தொட்டு அந்த வட்டத்துல பூசுங்க.