குளியலறைக்கு வரும் மரத்தவளை

அனைவருக்கும் வணக்கம்.

மழைக்காலம் வந்தால் நம்மில் பலர் வீட்டுக் குளியலறைச் சுவரில், மாடித் தொட்டி மூடிக்கு அடியில் ஒரு தேரை ஒட்டிக்கொண்டிருக்கும். பார்த்ததும் துடைப்பத்தையோ, உப்பையோ, ஃபினாயிலையோ தேடுகிறோம். அது யார் என்று தெரிந்துவிட்டால் கை அங்கே போகாது என்று உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் இன்று இதைப் பேச வந்திருக்கிறேன்.

மரத்தவளைதான் அது. அறிவியல் பெயர் பாலிபிடேட்டிஸ் மேக்குலேட்டஸ். 1830இல் கிரே என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் விவரித்துப் பெயரிட்டார். இந்தியா, இலங்கை, நேபாளம், வங்கதேசம் எங்கும் பரவலாக வாழ்கிறது. படங்களில் பார்க்கிறோமே, பச்சைப் பசேலென்று தாவிப் பறக்கும் தவளை, அது மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்வது. அடையாற்றிலோ கிண்டியிலோ அதைத் தேட வேண்டாம்.

எப்படி அடையாளம் காண்பது? முதலில், நிறத்தை நம்பாதீர்கள். பகலில் வெள்ளைச் சுவரில் வெளிறிப்போய் உட்கார்ந்திருக்கும். அதே தவளை இரவில் பழுப்பாகத் தெரியும். விரல் நுனியைப் பாருங்கள். ஒவ்வொரு விரலிலும் வட்டமான தட்டு இருக்கும். வழுவழுப்பான டைல்ஸில்கூட நிற்க வைப்பது அதுதான். மூக்கிலிருந்து கண் வழியாகச் செவிப்பறைக்கு மேலே ஒரு கரும்பட்டை ஓடும். இவ்வளவு பார்த்த பிறகும் சந்தேகமா? அது காலை நீட்டும் வரை காத்திருங்கள். தொடையின் பின்பக்கத்தில், கருமையான பின்னணியில் மஞ்சள் வட்டப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். உட்கார்ந்திருக்கும்போது மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் அந்தப் புள்ளிகளைப் பார்த்துவிட்டால் பிறகு எதோடும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

சொறித்தவளைக்கு முதுகெல்லாம் முண்டு, கண்ணுக்குப் பின்னால் தடித்த சுரப்பி, சுவர் ஏறாது. உருண்டையான உடம்பும் முதுகில் செங்கல் நிறத் திட்டும் கொண்ட இன்னொரு தவளையும் நம் ஊரில் மரம் ஏறும். அதன் கால்கள் குட்டை. மரத்தவளைக்கு ஒல்லியான நீண்ட கால்கள்.

வெயில் நாளில் அது எப்படித் தாங்குகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். தோலில் சுரக்கும் கசிவைக் கை கால்களால் தலையிலும் முதுகிலும் தடவிக்கொள்கிறது. உடம்பு நீர் ஆவியாவது அதனால் குறைகிறது. அப்புறம் கை கால்களை உடம்போடு ஒடுக்கி அசையாமல் இருந்துவிடும். நம் வீட்டுக்குள் அது வருவதும் ஈரம் தேடித்தான். தோல் வழியாகவே நீரை உறிஞ்சும் உயிருக்கு உப்பும் ஃபினாயிலும் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

தேரை மோந்தால் தேங்காய் ஒல்லியாகிவிடும் என்று நம் ஊரில் சொல்வார்கள். பாவம், அதற்கும் தேங்காய்க்கும் சம்பந்தமே இல்லை. மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காததும், போரான் போன்ற சத்துக் குறைவும்தான் காரணம். மரத்துக்கு உரம் வையுங்கள், தேரையை விட்டுவிடுங்கள். அது தின்பது பூச்சியைத்தான்.

மழை பெய்த இரவில் தொட்டிப் பக்கம் ‘டக், டக், டக்’ என்று விட்டுவிட்டுக் கேட்டால், ஆண் கூப்பிடுகிறது. பெண் உருவத்தில் பெரியது. இணை சேரும்போது அது ஒரு திரவத்தைச் சுரந்து, பின்னங்கால்களால் அடித்து அடித்து, முட்டை வெள்ளைக்கருவை அடித்தது போல நுரையாக்கி, அதற்குள் முட்டையிடும். தண்ணீருக்கு நேர் மேலே, இலையிலோ தொட்டிச் சுவரிலோ அந்த நுரை ஒட்டியிருக்கும். மேல்பகுதி காய்ந்து ஓடாகும், உள்ளே ஈரம் நிற்கும். சில நாளில் நுரை இளகி, தலைப்பிரட்டைகள் கீழே தண்ணீரில் விழும். கீழே தண்ணீர் இல்லாவிட்டால் அத்தனையும் வீண். சோப்பு நுரை என்று எண்ணி அதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறவர்கள் நிறையப் பேர்.

தண்ணீரைத் திறந்து வைத்தால் டெங்குக் கொசு வருமே என்ற பயம் நியாயமானது. தண்ணீர் டிரம்மை மூடித்தான் வைக்க வேண்டும். மூடுவதற்கு முன் நுரை கண்ணில் பட்டால், அது ஒட்டியிருக்கும் கிளையோடு வெட்டி, பக்கத்துக் குளத்துக்கோ தோட்டத்து அல்லிக் குட்டைக்கோ மேலே, தண்ணீரைப் பார்த்தவாறு கட்டிவிடுங்கள். சுவரில் ஒட்டியிருந்தால் கைவைக்காமல், தலைப்பிரட்டைகள் விழுந்ததும் வாளியில் அள்ளிக் கொண்டுபோய் விடலாம். வீட்டுக்குள் வந்த தவளையை எடுக்க வேண்டுமென்றால், சோப்போ சானிடைசரோ இல்லாத ஈரக் கையால் எடுத்து, நிழலான செடியில் விடுங்கள்.