ஐசியு கதவுக்கு வெளியே நிற்பவர்களுக்கு

(திருமங்கலத்தில் சுய உதவிக் குழுப் பெண்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டதால் எழுத்தில் தருகிறேன். பேசினபடியே பெரும்பாலும் விட்டிருக்கிறேன்.)

அம்மாமாரே, அக்கா தங்கச்சிமாரே, பின்னால் நிற்கும் அண்ணன்மாரே, எல்லாருக்கும் வணக்கம். நான் பல வருஷம் ஐசியுவில் நர்ஸாக வேலை பார்த்தவள். என்னிடம் சொல்ல ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது, அதைச் சுற்றித்தான் பேசப்போகிறேன். உங்கள் வீட்டு ஆள் ஐசியுவில் படுத்திருக்கும்போது நீங்கள் வெறுமனே பார்த்துவிட்டுப் போக வந்த ஆள் கிடையாது. அவரைத் தேற்றுகிற வேலையில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது. அந்தப் பங்கை டாக்டரும் செய்ய முடியாது, நாங்களும் செய்ய முடியாது.

நமக்குப் பழக்கமான காட்சிதான். ஊரில் ஒருவருக்கு முடியாமல் போகிறது, 108ஐக் கூப்பிட்டு மதுரைக்குக் கொண்டுவருகிறார்கள், உள்ளே சேர்க்கிறார்கள், கதவு சாத்தப்படுகிறது. அதோடு வீட்டு ஆட்களுக்குக் கை ஓடாது, கால் ஓடாது. பெரியாஸ்பத்திரியிலே பாருங்கள், தேனி, சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள் ஒயர்கூடையும் பாயும் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள். மருந்துச் சீட்டு வந்தால் ஓடுவார்கள், ரத்தம் வேண்டும் என்றால் ஓடுவார்கள், பார்வையாளர் நேரத்தில் பத்து நிமிஷம் உள்ளே போய் கட்டில் காலருகே நின்று அழுதுவிட்டு வெளியே வருவார்கள். நான் பேச வந்தது அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றி.

ஐசியு என்று ஒன்று எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன். 1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்தில் போலியோ காட்டுத்தனமாகப் பரவியது. குழந்தைகளுக்கு மூச்சுவிடும் தசையே செயலிழந்தது, மூச்சு கொடுக்கப் போதுமான மெஷின் இல்லை. பியோர்ன் இப்சன் என்கிற மயக்க மருந்து நிபுணர் தொண்டையில் துளை போட்டு டியூப் வைத்து, ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சு கொடுக்கலாம் என்று செய்து காட்டினார். அழுத்துவது யார்? மருத்துவ மாணவர்கள். ஏறக்குறைய 1,500 பேர் முறை போட்டு, ராத்திரி பகலாக, ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து கையால் அழுத்தினார்கள். மறுவருஷம் அதே இப்சன் தொடங்கிய வார்டைத்தான் உலகத்தின் முதல் ஐசியு என்று சொல்கிறார்கள். இன்றைக்கு அழுத்துகிற வேலையை வெண்டிலேட்டர் பார்த்துக்கொள்கிறது. ஆனால் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்கிற தேவையை எந்த மெஷினும் எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வெண்டிலேட்டர் டியூப் குரல்நாண்களுக்கு நடுவில் இறங்குகிறது, அதனால் அவரால் ஒரு சொல்கூடப் பேச முடியாது. பலருக்கு இது தெரியாது, "என்னைப் பார்த்துப் பேசவே மாட்டேங்கிறாரே" என்று மனம் உடைந்துபோகிறார்கள். மயக்க மருந்து ஓடும். விளக்கு எந்நேரமும் எரியும், மெஷின்கள் கத்திக்கொண்டே இருக்கும், பகல் எது ராத்திரி எது என்று தெரியாது. இப்படியே சில நாள் போனால் மூளை குழம்பிப்போகும். வெண்டிலேட்டரில் இருப்பவர்களில் 80 சதவீதம் பேர் வரைக்கும் இந்தக் குழப்பம் வரலாம் என்று கணக்கு. சிலர் கத்துவார்கள், டியூபைப் பிடுங்குவார்கள். சிலர் சத்தமே இல்லாமல் மேலே வெறித்துப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள், அது யார் கண்ணிலும் படாமலே போய்விடும். புத்தி பேதலித்துவிட்டது, காத்து கருப்பு அடித்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். நோய், மருந்து, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது, பெரும்பாலும் சரியாகும்.

மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர். கிருமி ரத்தத்தில் ஏறிவிட்ட கேஸ். வெண்டிலேட்டரை எடுத்த பிறகு ராத்திரியானால் கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பார், டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்குவார், "தண்ணி போயிரும், விடுங்க என்னைய" என்று கத்துவார். கேட்பவர்களுக்குத் தாகம் என்றுதான் தோன்றும். மறுநாள் அவர் சம்சாரம் வந்ததும் விஷயத்தைச் சொன்னோம். அந்த அம்மா உடனே சொன்னார்: "அது பெரியாறு கால்வாய்த் தண்ணி சிஸ்டர். முறை வச்சுத்தான் விடுவாக. எங்க முறை ராத்திரியில வரும், மடையத் தெறக்கப் போகணும்னு நிக்கிறாரு." அப்புறம் அவர் காதுகிட்டே குனிந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, பெரியவன் மடையத் தெறந்து பாய்ச்சிட்டான், வயல் நெறஞ்சிருச்சு. நீங்க காய்ச்சலுக்கு மதுரை ஆஸ்பத்திரியில இருக்கீக, கலங்காதீக" என்று நிதானமாகச் சொன்னார். அவர் கொஞ்ச நேரம் அந்த அம்மா முகத்தையே பார்த்தார், தோள் தளர்ந்தது. அந்த வாக்கியத்தை ஒரு தாளில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினோம். டூட்டிக்கு வந்த ஒவ்வொரு சிஸ்டரும் ராத்திரியில் அதையே சொன்னோம். கையைக் கட்டிப்போட வேண்டிய அவசியம் வரவில்லை. பெரியாறு கால்வாய் முறைத்தண்ணி எந்த நர்ஸிங் புத்தகத்திலும் கிடையாது, அதற்கு அந்த அம்மா வர வேண்டியிருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், உள்ளே வந்தால் முதலில் சிஸ்டரிடம் அவரைப் பற்றிச் சொல்லுங்கள். எந்தக் காது நன்றாகக் கேட்கும், எந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்புவார், எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவார், வெற்றிலை, புகையிலை, குடி பழக்கம் உண்டா என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். குடியை மறைக்காதீர்கள். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் அதனாலேயே நடுக்கமும் குழப்பமும் வலிப்பும் வரும், தெரிந்தால்தான் அதற்கு மருந்து கொடுக்க முடியும்.

இன்னொன்று, ரொம்ப முக்கியமானது. சேர்க்கும்போது நகை, கைக்கடிகாரம், மூக்குக் கண்ணாடி, காது மெஷின், பல்செட் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு உங்களிடம் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கவர் நேரே வீட்டு பீரோவுக்குப் போய்விடும். அங்கே படுத்திருப்பவருக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது, கேட்ட கேள்விக்குப் பதில் வராது, "பேஷண்ட் குழப்பமாக இருக்கிறார்" என்று கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். மயக்கம் தெளிகிறது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே கண்ணாடியையும் காது மெஷினையும் கொண்டுவாருங்கள், பேட்டரி இருக்கிறதா என்று பார்த்துக் கொண்டுவாருங்கள். பல்செட்டை மட்டும் சிஸ்டரைக் கேட்டுவிட்டுக் கொண்டுவாருங்கள்.

கட்டில் பக்கத்தில் என்ன பேசுவது என்று பலர் கேட்கிறார்கள். இன்றைக்கு என்ன கிழமை, மணி என்ன, எந்த ஊரில் இருக்கிறார், எதற்காக வந்திருக்கிறார், இதைத்தான் முதலில். ஒவ்வொரு தடவையும். அப்புறம் வீட்டு விஷயம். மாடு கன்று போட்டது, பேத்தி பள்ளிக்கூடம் போனது, தெருவில் என்ன நடக்கிறது. மயக்கத்தில் இருப்பவருக்கு எவ்வளவு காதில் விழுகிறது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது, ஆனால் தேறி வந்த பிறகு யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. அதனால் கட்டில் பக்கத்தில் நின்று வட்டிக் கடன், பாகப்பிரிவினை, "இனிமே பொழைப்பாரா" போன்ற பேச்சு வேண்டாம். அழுகை வந்தால் அழுங்கள், அது பாவமில்லை. ஒப்பாரியாக மட்டும் போக விடாதீர்கள், பக்கத்துக் கட்டிலிலும் ஒருவர் போராடிக்கொண்டிருக்கிறார்.

கையைத் தொடலாமா? தொடுங்கள். தொடுவதற்கு முன்னாலும் பின்னாலும் கையை நன்றாகக் கழுவுங்கள், அவ்வளவுதான். ஊசி எங்கே இருக்கிறது என்று சிஸ்டர் காட்டுவார்.

செய்யக் கூடாதவையும் இருக்கின்றன, கோபப்படாமல் கேளுங்கள். "ஒரே ஒரு வாய் தண்ணி" என்று யாரும் பார்க்காத நேரத்தில் ஊற்றாதீர்கள். டியூப் எடுத்த புதிதில் விழுங்குகிற தசை சரியாக வேலை செய்யாது, தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரும். தேறிக்கொண்டிருந்தவர் மறுபடி வெண்டிலேட்டருக்குப் போவார். கேட்டால் நாங்களே உதட்டை நனைக்கச் சொல்லித்தருவோம். மீனாட்சி கோயில் விபூதி, அழகர்கோயில் தீர்த்தம் கொண்டுவருகிறீர்கள், எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. விபூதியை நெற்றியில் லேசாகத் தொட்டு வையுங்கள், டியூப் பக்கம் ஊதிவிடாதீர்கள். தீர்த்தத்தை வாயில் விட வேண்டாம், தலையணையோரம் வைத்துவிடுங்கள். சூடம், விளக்கு, பத்தி மட்டும் கூடவே கூடாது, ஆக்ஸிஜன் ஓடுகிற இடம் அது, நெருப்பு பிடித்தால் கண்மூடித் திறக்கிற நேரம்கூடக் கிடைக்காது.

வேன் பிடித்து ஊரே வந்துவிடுகிறது. நம் பக்கத்து வழக்கம் அது, விசாரிக்க வராவிட்டால் வருத்தம் வளரும், எனக்குப் புரிகிறது. ஆனால் பத்து நிமிஷத்தைப் பங்காளிகள் பதினைந்து பேர் பிரித்துக்கொண்டால் அவருக்கு ஒரு முகம்கூடத் தெளிவாகத் தெரியாது. வீட்டில் இருவரைத் தேர்ந்தெடுங்கள், தினமும் அவர்களே போகட்டும். டாக்டரிடம் பேச ஒரே ஆள் இருக்கட்டும், அவர் மற்றவர்களுக்குப் போனில் சொல்லட்டும். ஆளாளுக்குக் கேட்டால் ஆளாளுக்கு ஒரு விதமாகக் காதில் விழும், அதில் வராந்தாவிலேயே சண்டை வந்துவிடுகிறது.

நர்ஸ்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெண்டிலேட்டரில் இருக்கும் ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பதுதான் முறை. எல்லா இடத்திலும் அப்படி அமைவதில்லை, ஒரே சிஸ்டர் இரண்டு மூன்று கட்டிலைப் பார்ப்பார். மணிக்கு மணி சிறுநீர் அளப்பது, சளி உறிஞ்சுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, வாய் துடைப்பது, இமை மூடாத கண் காய்ந்துபோகாமல் மருந்து வைப்பது, தலைமாட்டை 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்த்தி வைப்பது என்று வேலை ஓயாது. வாய் துடைப்பதையும் தலைமாட்டை உயர்த்துவதையும் சின்ன வேலையாக நினைக்காதீர்கள், நிமோனியாவைத் தடுப்பதில் அதற்குப் பங்கு உண்டு. சளி உறிஞ்சும்போது முகம் சிவந்து உடம்பு தூக்கிப்போடும். பார்க்கச் சகிக்காது. சிஸ்டர் கொடுமைப்படுத்துகிறார் என்று வெளியே போய்ச் சொல்லிவிடாதீர்கள், அந்தச் சளி உள்ளே நின்றால் மூச்சுக்குழாய் அடைத்துவிடும். சந்தேகம் இருந்தால் தாராளமாகக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. டூட்டி மாறுகிற நேரத்தை மட்டும் விட்டுவிட்டுக் கேளுங்கள், அப்போது ஒவ்வொரு கட்டிலின் கணக்கையும் ஒப்படைத்துக்கொண்டிருப்போம்.

ஆஸ்பத்திரி நடத்துபவர்கள் யாராவது இங்கே இருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டு ஆட்களை விட்டால் கிருமி பரவும் என்று காரணம் சொல்கிறோம். பிரேசிலில் 36 ஐசியுக்களில், வீட்டு ஆட்கள் ஒரு நாளில் 12 மணி நேரம் வரை இருக்கலாம் என்று விட்டுப் பார்த்தார்கள், 2019இல் முடிவு வெளிவந்தது. நோயாளிக்கு வரும் குழப்பம் எதிர்பார்த்த அளவு குறையவில்லை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கிருமித் தொற்று கூடவில்லை, வீட்டு ஆட்களின் பதற்றமும் மனச்சோர்வும் நன்றாகவே குறைந்தன. பத்து நிமிஷத்தை அரை மணியாக்கினாலே இங்கே பெரிய விஷயம்.

இன்னொரு யோசனை, டென்மார்க், நார்வே, ஸ்வீடன் என்கிற ஸ்காண்டிநேவிய நாடுகளில் நர்ஸ்கள் ஆரம்பித்த பழக்கம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தேதி போட்டு, அன்றைக்கு நடந்ததை எழுதுவது. "இன்னைக்கு டியூபை எடுத்தார்கள். மதியம் கண் திறந்து அக்காவைப் பார்த்தாய்." தேறி வந்தவருக்கு அந்த நாட்கள் நினைவிலேயே இருக்காது, இருந்தாலும் யாரோ கழுத்தை நெரித்தார்கள், கட்டிப்போட்டார்கள் என்று பயங்கரமாகத்தான் இருக்கும். நோட்டைப் படித்தால் நடந்தது இன்னது என்று பிடிபடும். 2010இல் வந்த ஐரோப்பிய ஆய்வில் இது நல்ல பலன் கொடுத்தது, 2019இல் வந்த பிரெஞ்சு ஆய்வில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. இருந்தாலும் நான் எழுதச் சொல்வேன். எழுதத் தெரியாவிட்டால் படிக்கிற பிள்ளையிடம் சொல்லி எழுதவையுங்கள், வராந்தாவில் காத்திருக்கிற கைக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். டிஸ்சார்ஜ் ஆனால் பழையபடி ஆகிவிடுவார் என்று நினைக்கிறோம். கடுமையான நோயில் முதல் பத்து நாளிலேயே தொடைத் தசையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கரைந்துவிடுவதை ஸ்கேன் வைத்து அளந்திருக்கிறார்கள். எழுந்து கக்கூஸுக்குப் போகவே மூச்சு வாங்கும், கணக்கு மறக்கும், ராத்திரி திடுக்கிட்டு எழுவார், சுள்ளென்று விழுவார். சோம்பேறித்தனம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். இது மாதக்கணக்கில் இருக்கலாம். இன்றைக்குத் திண்ணை வரைக்கும், அடுத்த வாரம் தெருமுனை வரைக்கும் என்று நடக்கவையுங்கள். சிறுநீரகக் கோளாறு இல்லை என்று டாக்டர் சொன்னால் முட்டை, மீன், பருப்பு தினமும் கொடுங்கள். பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்திருந்தால் பாதியில் விடாதீர்கள். பார்த்துக்கொள்ளும் அந்த மருமகளும் அந்த மனைவியும் எப்போது தூங்கினார்கள் என்று வீட்டில் யாராவது கேளுங்கள். மனச்சோர்வு அவர்களுக்கும் வரும், அதற்கும் டாக்டரைப் பார்க்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, நான் நிறையப் பேசிவிட்டேன். உங்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தக் கதவுக்கு வெளியே நின்றிருப்பீர்கள் என்று தெரியும், கேள்வி இருக்கும். இரண்டாவது வரிசையில் பச்சைச் சேலை கட்டிய அக்கா ரொம்ப நேரமாகக் கை தூக்குகிறார், மைக்கை அவரிடம் கொடுங்கள் தம்பி.