கொடி இல்லாத மேசை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

'பிராந்தியப் பாதுகாப்புக்குப் பெரிதும் துணை நிற்பது அரசுகளின் நேரடிப் பேச்சா, சிந்தனைக் குழாம்களின் பணியா?' என்பது தலைப்பு. நான் சிந்தனைக் குழாம்களின் பக்கம். பாதுகாப்பு, வெளியுறவு போன்றவற்றை ஆராய்ந்து யோசனை சொல்லும் நிறுவனங்கள் அவை; திங்க் டேங்க் என்று சொன்னால்தான் பிடிபடும் என்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் இரண்டு அம்பு விட்டார். "இவர்களுக்குப் படையும் கிடையாது, கையெழுத்துப் போடும் அதிகாரமும் கிடையாது. ஓட்டலில் மாநாடு நடத்தி அறிக்கை அச்சடிப்பதைத் தவிர என்ன சாதித்தார்கள்?" என்றார். "காசு கொடுப்பவருக்குத் தாளம் போடுகிறவர்கள்" என்றும் சொன்னார். இரண்டாவது அம்பு குத்தத்தான் செய்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அவர் சொன்ன ஓட்டலுக்கே போவோம்.

சிங்கப்பூர், ஷாங்க்ரி-லா ஓட்டல். 2002 முதல், கொரோனா காலத்தின் 2020, 2021 நீங்கலாக, ஆண்டுதோறும் ஆசிய-பசிபிக் பாதுகாப்பு அமைச்சர்கள் அங்கே கூடுகிறார்கள். கூட்டுவது ஐஐஎஸ்எஸ் என்ற ஆய்வு நிறுவனம், 1958-இல் லண்டனில் தொடங்கியது. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் பாதுகாப்பு அமைச்சர்கள் தங்களுக்கென்று ஒரு கூட்டம் நடத்தத் தொடங்கியதே 2006-இல்தான். அமெரிக்கா, சீனா, இந்தியா உள்ளிட்ட எட்டு நாடுகளைச் சேர்த்துக்கொண்டது 2010-இல், ஹனோயில். அதையும் மூன்றாண்டுக்கு ஒருமுறை கூட்டினால் போதும் என்றுதான் முதலில் முடிவெடுத்தார்கள்.

ஏன் இந்தத் தயக்கம்? ஓர் அமைச்சரைத் தலைநகருக்கு அழைத்தாலே அது செய்தி. யார் முதலில் அழைத்தார், யார் இறங்கி வந்தார், கூட்டறிக்கையில் எந்தச் சொல் விடுபட்டது என்று மறுநாள் அலசல் தொடங்கிவிடும். மூன்றாம் ஆள் கூட்டும் மாநாட்டுக்கு வந்தால் எவரும் எவருக்கும் பணிந்ததாக ஆகாது. மேடைப் பேச்சு அங்கே பாதி வேலை. மீதி, மாடியில் ஒதுக்கிவைத்த சிறு அறைகளில் நடக்கிறது.

ஒரு காட்சி. 2022 ஆகஸ்டில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைத் தலைவர் நான்சி பெலோசி தைவான் சென்றதும், சீனா அமெரிக்காவுடனான இராணுவத் தொடர்புகள் பலவற்றைத் துண்டித்தது. 2023 ஜூனில் அதே ஓட்டலில் சந்திக்கலாம் என்று அமெரிக்கா கேட்டது, சீனா மறுத்தது. இரு நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர்களான லாயிட் ஆஸ்டினும் லி ஷாங்ஃபுவும் விருந்தில் கைகுலுக்கியதோடு சரி. மறுநாளே தைவான் நீரிணையில் சீனப் போர்க்கப்பல் ஒன்று, அமெரிக்க நாசகாரிக் கப்பலின் முன்னால் ஏறத்தாழ 150 கெஜ தூரத்தில் குறுக்கே பாய்ந்தது.

அறை இருந்தும் பேசவில்லையே என்று எதிரணியில் சிரிக்கிறார்கள். சிரியுங்கள். அந்த நவம்பரில் இரு அதிபர்களும் கலிபோர்னியாவில் சந்தித்து இராணுவத் தொடர்பைத் திரும்பத் திறக்க ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பெருமை அரசுகளுக்கே, நான் பங்கு கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இரு நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர்களும் நேருக்கு நேர் எங்கே உட்கார்ந்தார்கள்? வாஷிங்டனிலா, பெய்ஜிங்கிலா? 2024 மே 31, அதே ஷாங்க்ரி-லா, 75 நிமிடம். ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு நடந்த முதல் நேரடிச் சந்திப்பு அது.

இதாவது எல்லோர் கண்ணிலும் படுகிறது. கண்ணில் படாத வேலைதான் பெரிது. இரண்டாம் தடம், ட்ராக் டூ என்கிறார்களே, அரசின் பெயரில் இல்லாமல் நடக்கும் பேச்சு, அது நடக்கும் விதத்தைச் சொல்கிறேன்.

இருபது, இருபத்தைந்து பேருக்கு மேல் அழைக்கக் கூடாது. கூடினால் ஆளாளுக்குச் சொற்பொழிவு ஆற்றத் தொடங்கிவிடுவார்கள். (பட்டிமன்ற மேடையில் நின்றுகொண்டு இதைச் சொல்கிறேன் பாருங்கள்!) ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஓய்வுபெற்ற தளபதி ஒருவர், முன்னாள் தூதர் ஒருவர், பொருள் அறிந்த ஆய்வாளர் ஒருவர். பதவியில் இருக்கும் அதிகாரி வந்தால் 'தனிப்பட்ட முறையில்' வந்ததாகக் கணக்கு. மேசையில் கொடி கிடையாது. லண்டனிலுள்ள சாத்தம் ஹவுஸ் ஆய்வு நிறுவனத்தின் விதி உண்டு: கேட்டதை வெளியே பயன்படுத்தலாம், யார் சொன்னார், எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்று சொல்லக் கூடாது. 1927-இல் எழுதிய விதி, இடையில் திருத்தங்களோடு இன்றும் அதுதான் ஓடுகிறது.

கேள்வி சிறியதாக இருக்க வேண்டும். 'கடல் எல்லைப் பிரச்சினைக்குத் தீர்வு' என்று வைத்தால் மூன்று நாளும் வரைபடத்தைக் காட்டிச் சண்டை போட்டுவிட்டு விமானம் ஏறுவார்கள். 'இரு நாட்டுக் கப்பல்கள் நெருங்கினால் எந்த வானொலி அலைவரிசையில், எந்தச் சொற்களில் பேசுவது, எவ்வளவு தூரம் விலகுவது' என்று வைத்தால் மாலைக்குள் ஒரு வரைவு வரும். அதில் முத்திரை, தேதி, கையொப்பம் எதுவும் இராது. நாளைக்குச் சிக்கல் வந்தால் 'அப்படியொரு தாள் எங்களிடம் இல்லை' என்று இரு அரசும் சொல்லலாம். அந்த வசதி இருப்பதால்தான் மனம்விட்டு எழுதுகிறார்கள்.

இதில் கெட்டுப்போவதும் உண்டு. ஊர் திரும்பியவருக்கு அமைச்சகத்தில் கதவு திறக்காவிட்டால் அந்தத் தாள் அவர் பெட்டியிலேயே கிடக்கும். அமைச்சகத்தோடு அளவுக்கு மீறி ஒட்டியவரை அனுப்பினாலோ, அரசு அறிக்கையையே வாய்ப்பாடாக ஒப்பித்துவிட்டு வருவார். பத்து ஆண்டாக அதே முகங்கள் சுற்றி வந்தால் நட்பு வளரும், யோசனை வளராது. இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் இந்தப் பக்கம் நிற்கிறேன்.

ஆசியான் பிராந்திய மன்றம் 1994-இல் பாங்காக்கில் முதலில் கூடியது. பாதுகாப்பு பற்றிப் பேச இப்படி ஓர் ஏற்பாடு வேண்டும் என்று 1991-லேயே முன்மொழிந்தவை அப்பகுதியின் ஆய்வு நிறுவனங்கள், ஆசியான்-ஐஎஸ்ஐஎஸ் என்ற கூட்டமைப்பு. தகராறு மோதலாகும் முன்பே பேசித் தடுப்பதை முன்தடுப்பு ராஜதந்திரம் என்பார்கள்; அதை முறையாக வரையறுக்க அதிகாரிகள் தயங்கினார்கள். உள்விவகாரத்தில் தலையீடு என்று யாராவது கோபித்துக்கொள்வார்களே! சிஎஸ்கேப் என்ற இரண்டாம் தட அமைப்பு உட்கார்ந்து எழுதிப் பார்த்தது. 2001-இல் மன்றம் அதையொட்டிய கொள்கை விளக்கத்தை ஏற்றது. ஏற்றதை நடைமுறைப்படுத்தாமல் வைத்திருப்பது யார் தவறு? எழுதிக் கொடுத்தவர் தவறா, நடுவர் அவர்களே?

தெற்கு சீனக் கடலுக்கு வாருங்கள். பவளத்திட்டுகளை நிரப்பிச் சீனா தீவு கட்டியபோது வல்லரசுகளிடம் உளவுச் செயற்கைக்கோள் படங்கள் இல்லாமலா இருந்தன? இரகசிய முத்திரையோடு பெட்டகத்தில் இருந்தன. வாஷிங்டனின் சிஎஸ்ஐஎஸ் ஆய்வு நிறுவனத்தில் 2014-இல் தொடங்கிய ஆசிய கடல்சார் வெளிப்படைத்தன்மை முயற்சி என்ன செய்தது? வணிகச் செயற்கைக்கோள் படங்களை வாங்கி, ஒரே திட்டைத் தேதி வாரியாக அருகருகே வைத்து, இணையத்தில் போட்டது. ஃபியரி கிராஸ் திட்டில் சுமார் 3,000 மீட்டர் ஓடுபாதை வளர்வதை யார் வேண்டுமானாலும் பார்க்க முடிந்தது. 2015 செப்டம்பரில் வெள்ளை மாளிகையில் நின்று, இராணுவமயமாக்கும் எண்ணமில்லை என்றார் ஷி ஜின்பிங். 2016 டிசம்பரில் அந்த ஆய்வாளர்கள் அறுகோண வடிவக் கட்டுமானங்களைச் சுட்டிக்காட்டினார்கள். முன்பே கட்டி முடித்த சிறிய திட்டுகளின் அமைப்போடு ஒப்பிட்டு, ஏழு தீவுகளிலும் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் உள்ளிட்ட தற்காப்பு ஆயுதங்கள் இருப்பதாகச் சொன்னார்கள். சொந்தமாகச் செயற்கைக்கோள் வசதி இல்லாத சிறிய நாட்டுத் தூதரும் அந்தப் படத்தைக் கூட்டத்தில் எடுத்து வைக்கலாம். இரகசியம் கசிந்தது என்ற வழக்கும் வராது.

இனி அந்த இரண்டாவது அம்பு. பஹ்ரைன் அரச குடும்பத்திடமிருந்து ஐஐஎஸ்எஸ் 2.5 கோடி பவுண்டு பெற்றது 2016-இல் ஆவணங்கள் வழியாக வெளியே வந்தது. அந்த நிறுவனம்தான் பஹ்ரைனில் மனாமா உரையாடலையும் நடத்துகிறது. இதற்கு நான் சப்பைக்கட்டுக் கட்டப்போவதில்லை. பணம் கொடுத்தவர் பெயர் அறிக்கையின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். அவருக்குப் பிடிக்காத முடிவு ஒன்றாவது வெளியாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அது ஆய்வு இல்லை, விளம்பரம்.

ஈராக் போருக்கு முன் குழாம்கள் தப்புக் கணக்குப் போட்டதையும் இடையில் எடுத்து வீசினார் நண்பர். அணுப்பிளவுப் பொருள் வெளியிலிருந்து கிடைத்தால் சதாம் சில மாதங்களில் குண்டு செய்துவிடலாம் என்று 2002 செப்டம்பரில் ஒரு குழாம் எழுதியது உண்மை. அதே மாதம் '45 நிமிடத்தில்' பேரழிவு ஆயுதம் தயார் என்று கோப்பு வெளியிட்டது யார்? பிரிட்டிஷ் அரசு. தேடியபோது ஆயுதக் குவியல் எதுவும் கிடைக்கவில்லை. ஆய்வாளர் அரசின் குரலோடு சேர்ந்து பாடிய இடத்தில்தான் பிசகியிருக்கிறது. இது உங்கள் அணிக்கு ஆதரவான சான்றா?

மணி அடித்துவிட்டார்கள். அடுத்து வரும் எதிரணி நண்பருக்கு ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறேன். பாலஸ்தீன விடுதலை இயக்கத்தினரைச் சந்திப்பதே இஸ்ரேலில் சட்டப்படி குற்றமாக இருந்தது. அந்தத் தடை நீங்கிய 1993 ஜனவரியிலேயே நார்வேயின் சார்ப்ஸ்போர்க்கில் இரு தரப்பும் ஒரு மாளிகையில் உட்கார்ந்தன. இஸ்ரேல் தரப்பில் அமைச்சரும் இல்லை, தூதரும் இல்லை. வந்தவர்கள் இரண்டு கல்வியாளர்கள். திரையாக நின்றது ஃபாஃபோ என்ற ஆய்வு நிறுவனம், மேற்குக் கரையிலும் காஸாவிலும் மக்களின் வாழ்க்கை நிலையை ஆராய்ந்துகொண்டிருந்தது. இஸ்ரேலிய வெளியுறவுத் துறைத் தலைமை அதிகாரி மேசைக்கு வந்ததே மே மாதம்தான். செப்டம்பர் 13 அன்று வாஷிங்டனில் ஆஸ்லோ உடன்பாட்டில் கையெழுத்து. ஜெருசலேமையும் அகதிகளையும் குடியேற்றங்களையும் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைத்ததில் அந்த உடன்பாடு பின்னால் சிதைந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் ஜனவரியில் அந்த நாற்காலியில் எந்த அரசு, எந்தப் பெயரில் உட்கார்ந்திருக்க முடியும்? பதில் சொல்லிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள்.