தடம் படிப்பவர்களுக்குச் சம்பளம்

நண்பர்களே, பழங்குடி மக்களுக்கு வேலைவாய்ப்பு என்றதும் நமக்கு நினைவு வருவது தையல் மெஷின் வழங்கும் விழாதான். அமைச்சர், மாலை, புகைப்படம். அதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு என்னோடு ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைக்கு வாருங்கள்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து வடமேற்கே சுமார் 350 கிலோமீட்டரில் இருக்கிறது நியூஹேவன். ஒரு காலத்தில் மாட்டுப் பண்ணை. 2006 முதல் ஆஸ்திரேலியன் வைல்ட்லைஃப் கன்சர்வன்சி என்ற அமைப்பின் கையில் இருக்கும் காப்பகம். பத்திரம் யார் பெயரில் இருந்தாலும் மண் வார்ல்பிரி, லுரிட்ஜா என்ற பழங்குடி மக்களுடையது. 2010-இல் நீதிமன்றமும் அவர்களுடைய பூர்வீக உரிமையை ஏற்றுக்கொண்டது.

அங்கே வில்லன் யார் தெரியுமா? பூனை! வெள்ளையர் கொண்டுவந்த பூனையும் நரியும் சிறு விலங்குகளைத் தின்றே தீர்த்தன. முயல் அளவே இருக்கும் மாலா என்ற வாலபி (கங்காருவின் சின்ன உறவினர்), 1991-இல் டனாமி பாலையில் ஒரு காட்டுத்தீயோடு ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் இயற்கை வாழிடங்களிலிருந்து மறைந்தது. பிடித்து வளர்க்கப்பட்டவை மட்டும் மிஞ்சின.

பூனையும் நரியும் நுழையாதபடி 2018-இல் நியூஹேவனில் 44 கிலோமீட்டர் வேலி எழுந்தது. உள்ளே 9,000 ஹெக்டேருக்கும் மேல். வேலி போட்டுவிட்டால் போதுமா? உள்ளே சிக்கிய பூனைகளை யார் பிடிப்பது?

வார்ல்பிரி ரேஞ்சர்கள் இறங்கினார்கள். மூத்த பெண்கள் முன்னே நடந்தார்கள். மணலில் ஒரு தடம்: காலையில் பதிந்ததா, நேற்றையதா? நடந்ததா, ஓடியதா? பார்த்த மாத்திரத்தில் சொல்வார்கள். கொதிக்கும் வெயிலில் விடாமல் பின்தொடர்ந்தால் பூனை களைத்துப் படுத்துவிடும். இதை எந்தக் கல்லூரியில் படித்தார்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? பாட்டியிடம் படித்தார்கள். அந்தப் படிப்புக்குத்தான் அங்கே சம்பளம். கூட நடக்கும் இளைஞர்கள் தடம் படிக்கவும் கற்கிறார்கள், கருவியில் தகவல் பதியவும் கற்கிறார்கள். விஞ்ஞானிகளும் மாணவர்களாக நிற்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான். குளிர்காலத்தில் சிறு சிறு தீ வைத்து, கோடையின் பெருந்தீயைத் தடுக்கும் பழைய வழக்கமும் இப்போது ரேஞ்சர் வேலையாகிவிட்டது.

தொழில் என்றால் இன்னொன்றும் உண்டு. வார்ல்பிரி மக்களின் ஊரான யுவெண்டுமுவில் 1985 முதல் வார்லுகுர்லாங்கு என்ற ஓவியக்கூடம் நடக்கிறது. அதன் சொந்தக்காரர்கள் ஓவியர்களே. அவர்கள் தீட்டும் மூதாதையர் கதைகளில் மாலாவின் கதையும் ஒன்று. மண்ணில் மாலா இல்லாத ஆண்டுகளிலும் அது துணியில் ஓடிக்கொண்டிருந்தது. இன்று வேலிக்குள் காலையில் நடக்கும் ரேஞ்சர்கள், பூனைத் தடம் இல்லை என்று உறுதி செய்துவிட்டு, அங்கே மீண்டும் கொண்டுவந்து விடப்பட்ட மாலாவின் தடத்தைத் தேடுகிறார்கள்.