இலவச உரைக்கு எதற்கு ஆதரவு? நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்திலிருந்து ஓர் அக்கா அனுப்பியது. அப்படியே படிக்கிறேன்: “தம்பி, கலை அரும்பொருளகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் பொது உரைத்தொடருக்கு முதல்முறையாகப் போய்வந்தேன். கட்டணம் கிடையாது. ஆனால் முடியும்போது, சமூகத்தின் ஆதரவு இருந்தால்தான் அடுத்த ஆண்டும் நடத்த முடியும் என்று அறிவித்தார்கள். இலவசம் என்று அழைத்துவிட்டு ஆதரவு கேட்பது ஏன்? அரசாங்கம் பணம் கொடுக்கிறது அல்லவா? பத்து வெள்ளி, இருபது வெள்ளி கொடுக்கக்கூடிய எங்களால் என்ன ஆகிவிடப் போகிறது?”

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், அக்கா. அந்த வரியைப் படித்ததும் எனக்கு ஒரு பாட்டி நினைவுக்கு வந்தார்.

சில ஆண்டுகளுக்கு முன் சோழர் காலச் செப்புத்திருமேனிகளைப் பற்றி ஓர் உரை. பேசியவர் வெளிநாட்டுப் பேராசிரியர். திரையில் ஒரு சோமாஸ்கந்தர். சிவனும் உமையும் இருக்கிறார்கள், நடுவில் நிற்க வேண்டிய குழந்தை முருகன் இல்லை. முருகனைத் தனியாக வார்த்துப் பொருத்துவது உண்டு என்பதால் பல சோமாஸ்கந்தர்களில் பிள்ளை தொலைந்துபோயிருப்பதை விளக்கினார். பிறகு பீடத்தில் இருக்கும் துளைகளைக் காட்டி, “விழாக்காலத்தில் கம்பு செருகித் தூக்குவதற்கு” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

கேள்வி நேரம் வந்தது. மூன்றாவது வரிசையில் பருத்திச் சேலை, மடியில் குடையோடு ஒரு பாட்டி கை தூக்கினார். ஒலிவாங்கியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு தமிழிலேயே பேசினார். “என் அப்பா எங்கள் ஊர்க் கோயிலில் சீர்பாதம் தாங்கியவர். தோளில் இந்த இடத்தில் காய்ப்புக் காய்த்திருக்கும். சாமியைச் சும்மா தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள், ஐயா. நடையை மாற்றி மாற்றி வைப்பார்கள். அப்போது சாமி ஆடும். பார்க்கிறவர்களுக்குச் சாமி நடந்து வருவது போலவே இருக்கும்.” சொல்லும்போது தம் இடது தோளைத் தொட்டுக் காட்டினார். பக்கத்தில் இருந்த நான் எழுந்து ஆங்கிலத்தில் சொன்னேன். பேராசிரியர் மேடையிலிருந்து இறங்கி வந்து, அந்தச் சொல்லை இன்னொரு முறை சொல்லச் சொல்லி, தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். சீர்பாதம் தாங்கி.

கண்ணாடிப் பெட்டிக்குள் அசையாமல் நிற்கும் திருமேனி தோளில் ஏறினால் ஆடும் என்பதை அந்த அரங்கில் இருந்த அத்தனை பேருக்கும் சொல்லிக் கொடுத்தது அந்தப் பாட்டிதான். அதற்கு விலை போட முடியுமா? நீங்கள் வெள்ளிக் கணக்கில் ஆதரவை அளக்கிறீர்கள், அக்கா. நான் அந்த மூன்றாவது வரிசையை வைத்து அளக்கிறேன்.

இனிப் பண விஷயம். இலவசம் என்றால் செலவை உங்களுக்காக வேறு யாரோ ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். பேச்சாளருக்கு விமான டிக்கெட், தங்குமிடம், மதிப்பூதியம். அரங்கு, ஒலியமைப்பு, ஒளிப்பதிவு, வசன வரிகள் என்று ஒரு மாலைப் பொழுதுக்கே நீளமான பட்டியல் உண்டு. இவற்றைத் தாங்குபவர்களின் பெயர்கள் பெரும்பாலும் நம் கண்முன்னேயே இருக்கின்றன. ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் அரங்குக்கு நீ ஆன் அரங்கம் என்று பெயர். நீ ஆன் கொங்சி 1845-இல் தியோச்சூ என்ற சீனச் சமூகத்தினர் தொடங்கிய அமைப்பு. தங்கள் ஊர்க்காரர்களின் கோயிலையும் இடுகாட்டையும் பார்த்துக்கொள்ளத் தொடங்கியவர்கள், இன்று எல்லா இனத்தவரும் உட்கார்ந்து உரை கேட்கும் இடத்துக்குக் கைகொடுத்திருக்கிறார்கள். அதே கட்டடத்தில் வங்கியாளர் கூ டெக் புவாட் பெயரில் உள்ள கூடத்தில், 1998-இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கண்டெடுத்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலின் சரக்கு இருக்கிறது. 2015-இல் திறந்த தேசிய கலைக்கூடத்திலும் வங்கிகளின் பெயரும் குடும்பங்களின் பெயரும் கூடங்களுக்கு உண்டு.

அரசாங்கம் கொடுக்கிறது, உண்மைதான். ஆனால் நம் கையையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறது. 2013-இல் 200 மில்லியன் வெள்ளியில் ஒரு நிதியை ஏற்படுத்தினார்கள். தகுதிபெற்ற கலை, மரபுடைமை அறநிறுவனத்துக்கு ஒருவர் ஒரு வெள்ளி கொடுத்தால், அந்த நிதியிலிருந்து இன்னொரு வெள்ளி சேரும். உங்கள் இருபது நாற்பதாகிறது. எல்லா அமைப்புக்கும் இது பொருந்தாது, உச்சவரம்பும் உண்டு. கொடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரிச் சலுகையிலும் பலர் குழம்புகிறார்கள். தகுதிபெற்ற நன்கொடைக்கு இரண்டரை மடங்கு கழிவு என்றால், 100 வெள்ளி கொடுத்தவருக்கு 250 வெள்ளி திரும்பி வரும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. வரி விதிக்கப்படும் வருமானத்தில் 250 வெள்ளி குறையும், அவ்வளவுதான். உங்கள் வருமானத்தின் மேல்பகுதிக்கு 7 விழுக்காடு வரி என்றால், மிச்சமாவது 17 வெள்ளி 50 காசு. உறுப்பினர் கட்டணம் வேறு, நன்கொடை வேறு. கட்டணத்துக்குப் பதிலாகச் சலுகைகள் பெறுகிறீர்கள் என்றால் அது நன்கொடைக் கணக்கில் வராது.

நேரத்தைக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அரும்பொருளக நண்பர்கள் என்ற தொண்டூழியர் குழு 1978-இல் தொடங்கியது. ஆங்கிலத்தில் மட்டுமின்றி ஜப்பானிய, பிரெஞ்சு, கொரிய மொழிகளிலும் அவர்கள் சுற்றிக்காட்டுகிறார்கள். திங்கட்கிழமைக் காலை உரைகளையும் அவர்களே நடத்துகிறார்கள். பொதுமக்கள் யாரும் போகலாம்.

நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பொதுமக்கள் கேள்வி கேட்கும் இடம் ஓர் அரும்பொருளகத்துக்கு மிகவும் தேவை. ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007-இல் நியூயார்க் வணிகர் ஒருவரிடமிருந்து 650,000 அமெரிக்க டாலர் கொடுத்து உமாபரமேஸ்வரி திருமேனி ஒன்றை வாங்கியது. பதினோராம் நூற்றாண்டுச் சோழர் வார்ப்பு. அது அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோனது என்பது பின்னர் தெரியவந்தது. 2015-இல் இந்தியாவிடமே திருப்பிக் கொடுத்தார்கள். ஓர் ஊர் தன் அம்மனைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில், நாம் அவளைக் கண்ணாடிக்கு இப்பால் நின்று ரசித்துக்கொண்டிருந்தோம். எனக்கு அது இன்றும் நெஞ்சை உறுத்துகிறது. எந்த ஊர், எப்போது வெளியே வந்தது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று அரங்கில் எழுந்து கேளுங்கள். சிலைகளைப் பேசும் உரை எதுவானாலும் நான் கேட்கிறேன். முகம் சுளித்தவர்களை நான் பார்த்ததில்லை, பதில் சொல்லத்தான் முயல்கிறார்கள்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். தீபாவளி ஒளியூட்டு என்றால் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், கால் வைக்க இடம் இருக்காது. அதே நாம், சோழர் திருமேனியைப் பற்றிய உரையில் ஐந்தாறு பேர்தான் உட்கார்ந்திருக்கிறோம். “ஓவியம், சிற்பம் எல்லாம் படித்தவர்களுக்கு” என்று நாமே ஒதுங்கிவிடுகிறோம். உரையின் முடிவில் கொடுக்கும் கருத்துப் படிவத்தையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். அடுத்த ஆண்டுத் தலைப்புகளை யோசிப்பவர்கள் அந்தப் படிவங்களைப் புரட்டுவார்கள், அக்கா. நகரத்தார் வீட்டு மரவேலைப்பாடு பற்றிப் பேச வேண்டும், தமிழில் ஓர் உரை வேண்டும் என்று பத்துப் பேர் எழுதினால் அது கண்ணில் படாமல் போகாது.

ஆகவே பத்து வெள்ளி முடிந்தால் கொடுங்கள், முடியாவிட்டால் கூச்சப்பட வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள். கேள்வியைத் தமிழில் கேட்கலாமா என்றால், தாராளமாகக் கேளுங்கள்; மொழிபெயர்க்க நான் இல்லாவிட்டாலும் பக்கத்தில் யாராவது எழுந்துகொள்வார்கள். ஈசூனிலிருந்து ரயில் மாற வேண்டியதே இல்லை. வடக்கு-தெற்குத் தடத்தில் ஏறி ராஃபிள்ஸ் பிளேசில் இறங்கி, கேவனா பாலத்தைத் தாண்டினால் ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் வாசல். கால் மணி நேரம் முன்னதாக வந்துவிடுங்கள், மூன்றாவது வரிசையில் இடம் கிடைக்கும்.