பூனைய உள்ளுக்கு விட்ட கதை (களுவாஞ்சிகுடி மாதர் கூட்டத்தில பேசினது)

எல்லாருக்கும் வணக்கம். தலைவர் ஐயா, கோயில் வண்ணக்கர் ஐயா, எம்ஓஎச் டொக்டர் மேடம், குடும்பநல மாது தங்கச்சி, மைக்செட்டுக்குக் காசு வாங்காத தம்பி, ஆரையும் விட்டிருந்தா மன்னிச்சிக்கங்க, போன முறை வண்ணக்கர் ஐயாவ விட்டுப்போட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மூணு விசயம் சொல்லப்போறன். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குத் தேடுற புது வைத்தியம், அதுட செலவு, நம்மட ஆம்புளையள்ட பொறுப்பு. வெள்ளம் வருமுன்னே அணை கட்டு எண்டுவாங்க, அத மனசில வெச்சிக்கங்க.

எங்கட அம்மம்மா நெல்லு மூட்டை அடுக்கின அறைக்கு வெளிய நாய் கட்டியிருந்தா. நல்ல நாய், கள்ளன் கிட்ட வரமாட்டான். ஆனா எலி உள்ளுக்க. நாய் விடிய விடியக் குலைக்கும், எலி விடிய விடியத் திங்கும். தாத்தா நாய்க்கு அடிக்கப் போனார், அம்மம்மா சொன்னா, "அதுக்கு ஏன் அடிக்கீங்க, கதவு பூட்டிக்கிடக்கு, அது என்ன செய்யும்?" பிறகு பூனைக்குட்டி ஒண்ட சன்னலால உள்ளுக்கு விட்டா. முதல் நாள் அது மூட்டைக்கு மேல படுத்து நித்திர, தாத்தா சிரிச்ச சிரிப்பு! மூணாம் நாள்தான் எலிட வாலும் தலையும் வெளிய வந்திச்சு.

நம்மட ரத்தத்தில ஓடி நோய்க்கிருமியப் பிடிக்கிற அன்டிபொடி அந்த நாய்தான். உடம்பில உள்ள கலத்துக்கு, செல் எண்டுவாங்களே, அதுக்கு வெளிய காவல். இந்தப் புற்றுநோயக் கொண்டுவாற எச்பிவி வைரஸ்ட ஈ6, ஈ7 எண்ட ரெண்டு புரதமும் எலி மாதிரி, உள்ளுக்க இருந்து ஈ6 பி53 எண்ட காவல்காரன அழிக்கும், ஈ7 கலம் பெருகாமப் பிடிக்கிற பிரேக்கக் கழட்டும். அதால அன்டிபொடிட சின்னத் துண்டு ஒண்டுட மரபணுவக் கலத்துக்குள்ள குடுத்து, கலமே அதச் செஞ்சு அந்தப் புரதத்தப் பிடிக்க வெக்கிறாங்க. பூனைக்குட்டி! ஆனா எல்லாக் கலத்துக்குள்ளயும் அத எப்பிடிக் கொண்டுபோய்ச் சேக்கிற எண்டதுதான் பெரிய தலையிடி, இன்னும் ஆய்வுகூடத்திலயும் எலியிலயும்தான் நிக்குது. ஓம், எலியிலதான், சிரிக்காதீங்க.

அதுவரைக்கும் என்ன செய்யிற? வெள்ளம் வருமுன்னே அணை! இந்த வைரஸ்தான் காரணம் எண்டு கண்டுபிடிச்ச ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008ல நோபல் குடுத்தாங்க, நம்மட நாட்டில 2017ல இருந்து ஆறாம் வகுப்புப் பொம்புளப் புள்ளையளுக்கு அந்த வைரஸுக்குத் தடுப்பூசி ரெண்டு தரம் காசில்லாமப் போடுறாங்க, நீங்க படிவத்தில கையெழுத்துப் போடப் பயப்பிடுறீங்க. 35 வயசில கருப்பைக் கழுத்தச் சோதிக்கிற சுகவனிதையர் கிளினிக்குக்கு வாங்க எண்டா, "எனக்கு ஒரு வருத்தமும் இல்லயே" எண்டுறீங்க. வருத்தம் வந்தாப் பிறகு வெள்ளம் கா அது!

செலவு, ஆம்புளையள் கதையெல்லாம் நேரம் காணாது, தலைவர் ஐயா மணிக்கூட்டப் பாக்கார். தங்கச்சி கொப்பியோட வாசல்ல நிக்கா, பேரக் குடுத்திட்டுத்தான் பிளேன்டீ.